இரண்டாம் பந்தியிலும் கர்த்தர் உண்டு

வேதபகுதி: எண்ணாகமம் 9:6-13



பந்திக்கு முந்து என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கலியாண வீட்டில் முதல் பந்தியில் அமர்ந்தவருக்குச் சோறு சூடாகக் கிடைக்கும். பாயசம் கெட்டியாகக் கிடைக்கும். பரிமாறுகிறவரின் முகமும் மலர்ந்திருக்கும். இரண்டாம் பந்திக்கு வந்தவருக்கோ அப்பளம் நொறுங்கிப்போயிருக்கும். பாயசத்தில் தண்ணீர் கூடியிருக்கும். ஆகையால் இரண்டாம் பந்தி என்றாலே மிஞ்சியதைத் தின்கிற பந்தி என்ற எண்ணம் நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் கலியாண மண்டபத்தோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. ஆனால் பண்டிகைக் காலத்தில் அது நம் குடும்பங்களுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. டிசம்பர் மாதம் நெருங்கும்போது மும்பை, பெங்களூர், டெல்லி போன்ற நகரங்களில் வாழும் நம் தமிழ்ச் சபைக் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்புகிறது. "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாடு எந்த வீட்டில்?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்வியினால் கணவனும் மனைவியும் பண்டிகை நாளில் முகம் பாராமல் உட்கார்ந்திருக்கிற வீடுகள் உண்டு. சம்பந்திகள் வருஷக்கணக்காய்ப் பேசாமலிருக்கிற குடும்பங்களும் உண்டு.

கலியாணமான முதல் வருஷத்தில் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை. தலை தீபாவளி என்று மற்றவர்கள் கொண்டாடுவதைப்போல, நம் ஜனங்கள் தலை கிறிஸ்துமஸ் என்று சொல்லி மணமக்களைப் பெண்வீட்டார் அழைத்து விருந்து வைக்கிறார்கள். புது வஸ்திரம் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் இரண்டாம் வருஷத்திலிருந்து பண்டிகை புகுந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடுகிறது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மிஞ்சிய நாள், மிஞ்சிய விடுமுறை, மிஞ்சிய பணம் ஆகியவையே கிடைக்கின்றன. நாசரேத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு தாய் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுட்டு, டின்னில் அடைத்து, மகள் வருவாள் என்று வைத்திருக்கிறாள். பொங்கல் கழிகிறது, மகள் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்.

பிரியமானவர்களே, ஒரே பண்டிகையின் விருந்தை இரண்டு வீட்டில் இரண்டு முறை ஆசரிப்பதைக் குறித்து வேதம் என்ன சொல்லுகிறது? இதற்கெல்லாம் வேதத்தில் இடமுண்டோ என்று நீங்கள் நினைக்கலாம். உண்டு. நம்மில் அநேகர் வேகமாய்ப் புரட்டிவிட்டுப்போகிற எண்ணாகமம் புஸ்தகத்திலே உண்டு.

கேளாததையும் சேர்த்துக் கொடுத்த தேவன்

இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்திலிருந்து புறப்பட்ட இரண்டாம் வருஷத்திலே, சீனாய் வனாந்தரத்தில், முதலாம் மாதம் பதினாலாம் தேதியில் பஸ்காவை ஆசரித்தார்கள். ஆனால் சிலரால் அன்று ஆசரிக்க முடியவில்லை. மரித்த ஒருவருடைய சரீரத்தைத் தொட்டபடியால் அவர்கள் தீட்டுப்பட்டிருந்தார்கள். அவர்கள் அன்றைக்கே மோசேயிடமும் ஆரோனிடமும் வந்து, மற்றவர்களோடு காணிக்கை செலுத்தாதபடி நாங்கள் ஏன் விலக்கப்படவேண்டும் என்று முறையிட்டார்கள். மோசே தன் சொந்த அபிப்பிராயத்தை அவர்களுக்குச் சொல்லவில்லை. கர்த்தர் என்ன கட்டளையிடுவார் என்று கேட்கும்வரை பொறுத்திருங்கள் என்றார்.

கர்த்தரோ அவர்களுக்கு இரண்டாம் மாதம் பதினாலாம் தேதியை நியமித்தார். அதிலே நாம் கவனிக்கவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. வந்து கேட்டவர்கள் தீட்டுப்பட்டவர்கள் மாத்திரமே. தூரப் பிரயாணம் போனவர்களைக் குறித்து அந்த நாளில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே பாளயத்தில்தான் தங்கியிருந்தார்கள். ஆயினும் கர்த்தர் தம்முடைய பதிலிலே, தீட்டுப்பட்டவர்களோடுகூட, தூரப் பிரயாணத்தில் இருப்பவர்களையும் தாமாகவே சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு மாத்திரமல்ல, வரப்போகிற சந்ததிகளுக்கும் அதைக் கட்டளையாக்கினார்.

கேளாதவர்களுக்கும் இடம் வைத்த தேவன் அவர்! வேலைக்காகவும் பிழைப்புக்காகவும் ஊரையும் உறவையும் விட்டு வந்து, பண்டிகை நாளில் தாய்வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் தவிக்கிற நமக்கு இந்த வசனம் எத்தனை ஆறுதல்! மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்குப் போய்ச் சேர ரயிலில் ஒன்றரை நாள் ஆகிறது. டெல்லியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழிகின்றன. டிசம்பர் 25 ஒரு நாள் மாத்திரம் விடுமுறை தருகிற கம்பெனியில் வேலை செய்கிறவர் என்ன செய்வார்? ஜனவரி 1 தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. மத்திய அரசு அலுவலகங்களிலோ அது விருப்ப விடுமுறை மாத்திரமே. தூரப் பிரயாணத்தின் பாரத்தை அறிந்த தேவன் இரண்டாம் பந்தியை நியமித்திருக்கிறார்.

அந்த இரண்டாம் பஸ்காவைக் குறித்து மூன்று காரியங்களை நாம் தியானிப்போம்.

முதலாவது, அது மிச்சப் பந்தி அல்ல. முதல் மாதத்தில் என்ன நியமமோ அதுவே இரண்டாம் மாதத்திலும் நியமம். அதே ஆட்டுக்குட்டி, அதே புளிப்பில்லாத அப்பம், அதே கசப்பான கீரை. எலும்பை முறிக்கலாகாது என்ற கட்டளையும், விடியற்காலம்வரை மீதி வைக்கலாகாது என்ற கட்டளையும் அப்படியே இருந்தன. தாமதமாய் வந்தவர்களுக்குக் குறைவாய்ப் பரிமாறுங்கள் என்று கர்த்தர் சொல்லவில்லை.

இரண்டாவதாக, அது துக்கவீட்டாருக்கும் உரிய பந்தி. மரித்தவருடைய சரீரத்தைத் தொட்டவர்கள் என்றால் யார்? தகப்பனையோ சகோதரனையோ அடக்கம்பண்ணினவர்களாயிருக்கலாம் அல்லவா? நம் குடும்பங்களிலும் மரணம் நேர்ந்த வருஷத்தில் பண்டிகை வேண்டாம் என்று சொல்லி அடுப்பில் பலகாரச் சட்டி வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டாரைச் சில வாரங்களுக்குப் பிறகு அழைத்து உட்காரவைத்துச் சோறு போடுவது எவ்வளவு பெரிய ஊழியம்!

மூன்றாவதாக, அது அசட்டை செய்கிறவனுக்கு உரியதல்ல. சுத்தமாயிருந்தும், பிரயாணம் போகாதிருந்தும், பஸ்காவை ஆசரிக்காமல் போனவன் ஜனத்தாரில் இராமல் அறுப்புண்டுபோவான் என்று கர்த்தர் கடுமையாய் எச்சரித்தார் (எண். 9:13). இயலாதவனுக்குக் கிருபை உண்டு. விருப்பமில்லாதவனுக்குச் சாக்கு இல்லை. வரமுடியாத மருமகனுக்கும், வர மனதில்லாத மருமகனுக்கும் உள்ள வித்தியாசத்தை மாமனார் அறியாவிட்டாலும் கர்த்தர் அறிவார்.

தேதியா, மனதா?

"டிசம்பர் 25 முடிந்தபிறகு கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டால் அது கிறிஸ்துமஸ் ஆகுமா?" என்று சிலர் கேட்பார்கள். ஆண்டவர் பிறந்த தேதியை வேதம் எங்கும் சொல்லவில்லை. ரோமாபுரிச் சபையார் டிசம்பர் 25-ஐ ஆசரித்ததற்கு கி.பி. நான்காம் நூற்றாண்டிலிருந்துதான் தெளிவான எழுத்துச் சான்று கிடைக்கிறது. கீழ்த்திசைச் சபைகளில் பல, ஆதியில் ஜனவரி 6-ஐ ஆசரித்தன. அர்மீனிய அப்போஸ்தலச் சபையார் இன்றைக்கும் அந்த நாளையே ஆசரிக்கிறார்கள். பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிற ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு நம்முடைய ஜனவரி 7-ஆம் தேதியே கிறிஸ்துமஸ்; இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் இன்று 13 நாட்கள் வித்தியாசம். ஆகவே கிறிஸ்தவ உலகமே ஒரே தேதியில் பந்தி அமரவில்லை என்பது தெளிவு.

நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளிலும் கிறிஸ்துமஸை ஒரு பண்டிகையாக ஆசரிக்காதவை உண்டு. அந்தச் சபைகளைச் சேர்ந்த வீடுகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையும், புதுவருஷ வாக்குத்தத்த வசனமும், அதைத் தொடர்ந்து ஐக்கியமாய் உண்ணும் உணவுமே விசேஷமானவை. கணவன் வீட்டார் சி.எஸ்.ஐ. சபையார், மனைவி வீட்டார் நாளை விசேஷிக்காத பெந்தெகொஸ்தே விசுவாசிகள் என்று அமைந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு, பவுல் அப்போஸ்தலன் ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் கொடுக்கும் ஆலோசனை போதுமானது. நாளை விசேஷிக்கிறவனும் கர்த்தருக்கென்றே விசேஷிக்கட்டும். விசேஷிக்காதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்யட்டும். ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதிருங்கள் என்பதே அதன் கருத்து. 25-ஆம் தேதி ஒரு வீட்டிலும் 1-ஆம் தேதி மற்ற வீட்டிலும் பந்தி அமருகிற தம்பதிகள் இரண்டு வீட்டாரின் மனச்சாட்சியையும் கனப்படுத்துகிறார்கள்.

மே மாதத்தில் ஒரு கிறிஸ்துமஸ்

தாராவியில் வசிக்கும் ஒரு விசுவாசக் குடும்பத்தைக் குறித்துச் சொல்ல விரும்புகிறேன். கணவனுடைய பெற்றோர் அவர்களோடுகூட ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மனைவியின் பெற்றோர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு, கணவனுடைய வேலை, வயதான மாமியாரின் வியாதி ஆகியவற்றினால் டிசம்பரில் ஊருக்குப் போக அவர்களுக்கு வழியே இல்லை. மே மாதத்தில் மாத்திரமே போவார்கள். "மே மாதம்தான் போகிறோமே, பிறகு என்ன குறை?" என்று கணவன் கேட்பார். "மே மாதத்தில் அம்மாவைப் பார்க்கிறேன், ஆனால் அம்மாவுக்குப் பண்டிகை இல்லையே" என்பாள் மனைவி. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒரு வருஷம் அவர்கள் குடும்ப ஜெபத்தில் எண்ணாகமம் ஒன்பதாம் அதிகாரம் வந்தது. வாசித்து முடித்ததும் கணவனே ஒரு யோசனை சொன்னார். அந்த மே மாதம், கத்தரி வெயிலில், மாமனார் வீட்டில் அவர்கள் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார்கள். மாமியார் வியர்வை வழிய முந்திரிக்கொத்து சுட்டார். மருமகன் சந்தையிலிருந்து ஆட்டுக்கறி வாங்கிவந்தார். பேரப்பிள்ளைகள் காகித நட்சத்திரம் செய்து திண்ணையில் தொங்கவிட்டார்கள். பந்திக்கு முன்பாக மாமனாரைக் கொண்டு லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கச் செய்தார்கள். பக்கவாதத்தினால் நாக்கு குழறினபோதிலும் அவர் கடைசி வசனம்வரை வாசித்தார். வெயில் காலத்தில் கிறிஸ்துமஸா என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். பிறகு அவர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த டிசம்பர் வருமுன்னே அந்தப் பெரியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையிலே அவருடைய மனைவி, மருமகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "போன மாசம்கூட அந்தக் கிறிஸ்துமஸைத்தான் பேசிக்கொண்டிருந்தார்" என்று சொன்னார்கள். பிரியமானவர்களே, இரண்டாம் பந்தியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களே, அடுத்த வருஷம் பந்தியில் யார் யார் இருப்பார்கள் என்று உங்களில் யாருக்குத் தெரியும்?

மாமனாரோடு அப்பம் புசித்தவர்கள்

மனைவியின் வீட்டாரோடு பந்தியிருப்பதைத் தன் ஆண்மைக்குக் குறைவாக எண்ணுகிற சில சகோதரர்கள் உண்டு. பரிசுத்தவான்களின் ஜீவியத்தைப் பாருங்கள். மோசே எவ்வளவு பெரிய தலைவர்! ஆறு லட்சம் புருஷரை எகிப்திலிருந்து நடத்தி வந்தவர். அவருடைய மாமனாராகிய எத்திரோ வனாந்தரத்துக்கு வந்தபோது மோசே எதிர்கொண்டுபோய், வணங்கி, முத்தஞ்செய்து, சுகசெய்தி விசாரித்தார். பின்பு ஆரோனும் மூப்பர் யாவரும் வந்து, தேவசமுகத்தில் அந்த மாமனாரோடே போஜனம் பண்ணினார்கள் (யாத். 18). அடுத்த நாளில்தான், ஜனங்களை நியாயம் விசாரிக்கும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்படியான நல்ல ஆலோசனையை மோசே அவரிடமிருந்து பெற்றுக்கொண்டார். பந்தியில் உண்டான ஐக்கியத்திற்குப் பிறகு ஆலோசனை வந்தது.

யாக்கோபும் லாபானும் இருபது வருஷம் ஒருவரையொருவர் வருத்திக்கொண்டவர்கள். மருமகன் சொல்லாமல் ஓடினார். மாமனார் ஏழுநாள் பிரயாணமாய்த் துரத்தினார். அப்படிப்பட்ட இருவரும் கீலேயாத் மலையிலே என்ன செய்தார்கள்? கற்களைக் குவித்து அந்தக் குவியலின்மேல் போஜனம் பண்ணினார்கள். அதன்பின்பு யாக்கோபு பலியிட்டு, தன் சகோதரரைப் போஜனம் பண்ண மறுபடியும் அழைத்தார் (ஆதி. 31:46, 54). அங்கும் இரண்டு பந்தி! விடிந்தபோது லாபான் தன் பிள்ளைகளையும் குமாரத்திகளையும் முத்தஞ்செய்து ஆசீர்வதித்துப் புறப்பட்டார். இருபது வருஷக் கசப்பும் சண்டையில்லாமல் முடிந்தது. உங்கள் குடும்பத்தின் கசப்பு எத்தனை வருஷத்துக் கசப்பு?

வேறு மார்க்கத்து உறவினரின் பந்தி

சிலருடைய நிலைமை இன்னும் கடினமானது. குடும்பத்தில் ஒருவரே இரட்சிக்கப்பட்டு வந்தவர். பெற்றோரும் சகோதரரும் இன்னும் ஆண்டவரை அறியாதவர்கள். கிறிஸ்துமஸ் அன்று சபையாரோடு பந்தி. வேறொரு நாளில் அம்மா வீட்டில் பந்தி. அம்மாவோ தனக்கு விசுவாசமில்லாவிட்டாலும், மகளுடைய பண்டிகை என்று பிரியாணி சமைத்துக் காத்திருக்கிறாள். அந்த அன்பை அலட்சியம் பண்ணாதிருங்கள்.

விக்கிரகத்துக்குப் படைத்ததை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் தெளிவாய்ப் போதிக்கிறார். அவிசுவாசியான ஒருவர் விருந்துக்கு அழைத்து, உங்களுக்கும் போக மனதிருந்தால், முன்வைக்கப்பட்டதை விசாரணை செய்யாமல் புசியுங்கள். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் அறிவித்தால், அப்படி அறிவித்தவரின் மனச்சாட்சியினிமித்தம் புசியாதிருங்கள் என்பது அதன் சாராம்சம். விக்கிரக ஆராதனையில் பங்குகொள்வது வேறு, உறவினரின் வீட்டுச் சோற்றை ஸ்தோத்திரத்தோடு உண்பது வேறு. நம்முடைய தாய்மார் புத்தியுள்ளவர்கள். "படைப்பதற்கு முன்பே எனக்குத் தனியே எடுத்துவையுங்கள் அம்மா" என்று பிள்ளை தாழ்மையாய் முன்கூட்டியே சொன்னால், அநேக தாய்மார் மறுக்கிறதில்லை. சொல்லாமல் போய், பந்தியில் இலையின்முன் உட்கார்ந்தபிறகு முகத்தைச் சுளித்து எழுந்திருப்பதுதான் அவர்களை வேதனைப்படுத்துகிறது. சத்தியத்தில் உறுதியாயிருங்கள், சொல்லும் விதத்தில் சாந்தமாயிருங்கள். உங்கள் பிரசங்கத்தைக் கேளாதவர்களும், நீங்கள் அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறதைப் பார்ப்பார்கள்.

எசேக்கியா ராஜாவின் நாட்களிலும் பஸ்கா இரண்டாம் மாதத்தில்தான் ஆசரிக்கப்பட்டது. போதுமான ஆசாரியர்கள் தங்களைப் பரிசுத்தம்பண்ணவில்லை. ஜனங்களும் எருசலேமில் வந்து கூடவில்லை. ஆகவே ராஜா பெயெர்செபா தொடங்கித் தாண்மட்டும் அழைப்பு அனுப்பினார். பிரிந்துபோன வடதேசத்துச் சகோதரருக்கும் அழைப்பு போயிற்று. அநேகர் பரியாசம்பண்ணினார்கள். ஆனாலும் ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரங்களில் சிலர் தங்களைத் தாழ்த்தி வந்தார்கள். வந்தவர்களில் பலர் முறைப்படி சுத்திகரிக்கப்படாதவர்கள். எசேக்கியா அவர்களை எழுப்பி வெளியே துரத்தவில்லை, அவர்களுக்காக விண்ணப்பம்பண்ணினார், கர்த்தர் அந்த விண்ணப்பத்தைக் கேட்டார். ஏழு நாள் பண்டிகை முடிந்தபோது, இன்னும் ஏழு நாள் ஆசரிப்போம் என்று சபையார் எல்லாரும் சந்தோஷமாய்த் தீர்மானித்தார்கள் (2 நாளா. 30). உறவினரில் பத்துப்பேரை அழைத்து இரண்டுபேர் வந்தால் சோர்ந்துபோகாதிருங்கள். எசேக்கியாவின் அழைப்பையும் பரியாசம்பண்ணினார்களே!

சில நடைமுறை ஆலோசனைகள்

இனி, குடும்பமாய் உட்கார்ந்து நீங்கள் தீர்மானிக்கவேண்டிய சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

ஒன்று, காலத்தோடே தீர்மானியுங்கள். டிசம்பர் 20-ஆம் தேதி பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கின்படி டிசம்பர் 23-ஆம் தேதி புறப்பட விரும்புகிறவர் அக்டோபர் 24-ஆம் தேதி காலை 8 மணிக்கே பதிவு செய்ய ஆயத்தமாயிருக்கவேண்டும். ஆகவே செப்டம்பர் மாதத்துக் குடும்ப ஜெபம் ஒன்றிலேயே, இந்த வருஷம் முதல் பந்தி எங்கே, இரண்டாம் பந்தி எங்கே என்று முடிவு செய்து, இரு வீட்டாருக்கும் ஒரே நாளில் தெரிவியுங்கள். மனைவி வீட்டாருக்குக் கணவனும், கணவன் வீட்டாருக்கு மனைவியும் தொலைபேசியில் சொல்லுவது இன்னும் நலம்.

இரண்டு, முறை மாற்றுங்கள். ஒரு வருஷம் 25-ஆம் தேதி கணவன் வீட்டில் என்றால், அடுத்த வருஷம் மனைவி வீட்டில் ஆகட்டும். எந்த வீடும் நிரந்தரமாய் இரண்டாம் பந்தி வீடாகிவிடலாகாது.

மூன்று, இரு வீட்டாரும் ஒரே நகரத்தில் இருந்தால், ஒரே நாளில் மதியம் ஒரு வீட்டிலும் இரவு ஒரு வீட்டிலும் உண்பது வழக்கம். மதியம் தாராவியில் மாமியார் பிரியாணியை இரண்டுமுறை அள்ளி வைத்துவிடுவார். பிறகு சயானில் மின்சார ரயில் ஏறிக் கல்யாண் போய்ச் சேர்ந்தபோது அம்மா சமைத்ததைத் தொடவும் முடியாது. "எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லையோ?" என்ற வார்த்தை அங்கே பிறக்கிறது. ஆகையால் முதல் வீட்டிலேயே தாழ்மையாய்ச் சொல்லி அளவோடு புசியுங்கள். இரண்டாம் வீட்டில் உண்ணுவதற்கு வயிற்றிலும் மனதிலும் இடம் வைத்துக்கொண்டு போங்கள்.

நான்கு, ஒப்பிடாதிருங்கள். அந்த வீட்டுக் கேக்கையும் இந்த வீட்டு அதிரசத்தையும் தராசில் வைக்காதிருங்கள். ஒரு வீட்டார் கொடுத்த வஸ்திரத்தின் விலையை மறுவீட்டில் சொல்லாதிருங்கள். பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். அநேக குடும்பங்களில் பிள்ளைகள் வாயினால்தான் இப்படிப்பட்ட செய்திகள் பரவுகின்றன.

ஐந்து, கடன்பட்டு விருந்து வைக்காதிருங்கள். இரண்டு பந்தி என்றால் இரண்டு மடங்கு செலவு என்பதில்லை. பலத்த சமையல் ஒரு வீட்டில் இருக்கட்டும்; மற்ற வீட்டில் மீன்குழம்பும் சோறும் போதும். ஆனால் ஜெபமும் வேதவாசிப்பும் இரண்டு வீட்டிலும் குறையாமல் இருக்கட்டும். வறியவரான சம்பந்தியைத் தலைகுனியவைக்கிற விருந்தில் கர்த்தர் பிரியமாயிரார்.

ஆறு, ஊழியத்தைச் சாக்காக வைக்காதிருங்கள். சபைக் கூட்டங்களில் பங்குபெறுவது அவசியமே. ஆனால் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தவிர்த்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற்கு 7:9-13). கீழே இறங்கி வந்து பெற்றோரோடு ஒரு வேளை உண்ணாதவருடைய மேடை ஊழியம் எத்தனை நாள் நிலைநிற்கும்?

பங்கு அனுப்புங்கள்

இவை யாவையும் வாசித்துவிட்டு, "எனக்கு முதல் பந்தியும் இல்லை, இரண்டாம் பந்தியும் இல்லை" என்று பெருமூச்சுவிடுகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். இரட்சிக்கப்பட்டதினிமித்தம் வீட்டாரால் தள்ளப்பட்ட வாலிபர்கள், கணவனை இழந்து நகரத்தில் தனியே பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார்கள், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிற சகோதரர்கள் ஆகியோரே அவர்கள்.

எருசலேமின் அலங்கம் கட்டப்பட்டபின் ஜனங்கள் வேதவாக்கியங்களைக் கேட்டு அழுதபோது, அவர்கள் போய்க் கொழுமையானதை உண்டு மதுரமானதைக் குடிக்கும்படியும், ஒன்றும் ஆயத்தம்பண்ணாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பும்படியும் கற்பிக்கப்பட்டது (நெகே. 8:10). திரும்ப அழைக்க இயலாதவர்களை அழையுங்கள் என்று நம் ஆண்டவரும் போதித்தார் (லூக்கா 14:12-14). உங்களுக்கு இரண்டு பந்தி கிடைத்திருக்குமானால், இரண்டில் ஒன்றிலாவது ஒரு பந்தியும் இல்லாத ஒருவரை உங்கள் அருகில் உட்காரவையுங்கள். ஒரு டிபன் கேரியரில் சோறும் கறியும் கொடுத்தனுப்புங்கள். கூடுமானால் நீங்களே எடுத்துக்கொண்டுபோய், அவரோடு உட்கார்ந்து உண்ணுங்கள்.

பிரியமானவர்களே, நாம் எல்லாரும் ஒரு தூரப் பிரயாணத்தில் இருக்கிறோம். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்பவர்களோடு பந்தியமருவார்கள் என்று நம் கர்த்தர் சொல்லியிருக்கிறார் (மத். 8:11). ஆட்டுக்குட்டியானவருடைய அந்தக் கலியாண விருந்திலே பிறந்த வீடு, புகுந்த வீடு என்ற பிரிவு இல்லை. ஊரில் இருந்தவர், நகரத்துக்குப் பிழைக்க வந்தவர் என்ற வேறுபாடும் இல்லை. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று அங்கே ஒருவரும் காத்திருக்கமாட்டார்கள். அந்த நாள்மட்டும், நமக்குத் தரப்பட்டிருக்கிற இரண்டு வீடுகளையும் இரண்டு பந்திகளையும் பாரமாய் அல்ல, கர்த்தர் அருளின ஈவாக ஏற்றுக்கொள்வோம். இன்றைக்கே, இதை வாசித்து முடித்தவுடனே, எந்த வீட்டாரோடு நீங்கள் பந்தியிருந்து நாளாயிற்றோ அந்த வீட்டாரை அழைத்துப் பேசுங்கள்.

எங்கள் பரலோகப் பிதாவே, இரு வீட்டாரையும் ஒரே அன்பினால் நேசிக்க எங்களுக்குக் கிருபை தாரும். பேசாமலிருக்கிற நாவுகளை இந்தப் பண்டிகையிலே திறந்தருளும். காத்திருக்கிற தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தருளும். ஒரு பந்தியும் இல்லாதவர்களுக்கு எங்கள் பந்தியில் இடம் வைக்க எங்களைப் பழக்குவியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.